முள்ளும் கயிறும்: சாலையில் விதைக்கப்படும் அதிகாரம்

2021 பிப்ரவரி முதல் வாரத்தில் பத்திரிகைகளில் வந்த ஒரு படத்திலிருந்து தொடங்கலாம். தில்லியின் எல்லைகளில் ஒன்றான திக்ரி. தார்ச்சாலையின் குறுக்கே சிமெண்ட் போட்டு, அதில் கூரான இரும்பு ஆணிகளை வரிசையாகப் பதித்திருந்தார்கள். கூர் மேல்நோக்கி இருக்கிறது. பின்னால் கான்கிரீட் தடுப்புகள், முள்கம்பிச் சுருள்கள். எதிர்ப்பக்கம் 2020 நவம்பர் கடைசியிலிருந்து குளிரில் உட்கார்ந்திருந்த விவசாயிகள். காசிப்பூரிலும் இதே கதைதான். ஜனவரி 26 டிராக்டர் பேரணியில் தடுப்புகள் உடைக்கப்பட்டன, திரும்ப உடையாதபடி இப்போது பலப்படுத்தியிருக்கிறோம், வேறொன்றுமில்லை என்கிற தொனியில் விளக்கம் தந்தார் தில்லி காவல் ஆணையர்.

நம்மில் பலர் அன்று 'பாசிசம்' என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துக்கொண்டோம். சொல் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி முடித்துக்கொள்வதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கு. அந்த ஆணிக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு கட்டத்தில் போலீசின் முள் துப்பாக்கிக்கு மாற்றாக, உயிர் காக்கும் பொருளாகவும் வந்திருக்கிறது. நமக்கு வசதியில்லாத அந்தப் பகுதியையும் சேர்த்து வாசித்தால்தான் திக்ரியில் நடந்தது என்ன என்பது பிடிபடும்.

2

நெருஞ்சிக்குத் தாவரவியல் பெயர் 'ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்'. 'ட்ரிபுலஸ்' என்பது ரோமானியர்கள் ஒரு போர்க்கருவிக்கும் வழங்கிய பெயர். நான்கு முனை கொண்ட இரும்பு முள் அது. எப்படி வீசினாலும் மூன்று முனை தரையில் ஊன்றும், ஒன்று வானத்தைப் பார்க்கும். குதிரையின் குளம்பும் யானையின் பாதமும் அதன் இலக்கு. கி.மு. 331இல் காகமேலா போர்க்களத்தில் தாரயவௌஷ் இதைப் பதித்துவைத்ததாக குர்டியஸ் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்துச் சான்று அர்த்தசாஸ்திரம். இரண்டாம் அதிகரணத்தில் கோட்டை கட்டும் முறையைச் சொல்கிற இடத்தில், கோட்டைக்கு வெளியே செல்லும் வழியை மறைபொறிகளால் நிரப்பச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் 'ஸ்வதம்ஷ்ட்ரா' என்று ஒன்று வருகிறது. நேர்ப்பொருள் நாய்ப்பல். வடமொழி மருத்துவ நூல்களில் நெருஞ்சிக்கும் இதுதான் பெயர்.

அதே நூலின் நான்காம் அதிகரணத்தின் தலைப்பு 'கண்டகசோதனம்'. அதாவது முள்களைதல். குற்றவாளிகளை, ஏமாற்றுக்காரர்களை, ஒழுங்குக்கு ஊறு செய்பவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது பற்றிய பகுதி. இன்றைய மொழியில் போலீஸ் வேலை. கோட்டைக்கு வெளியே முள்ளை விதைக்கிற அதே அரசு, உள்ளே தனக்கு ஒத்துவராத மனிதர்களை 'முள்' என்கிறது. எது முள், எது பாதுகாப்பு என்று பெயரிடும் உரிமை அரசின் கையில் இருக்கிறது. இரும்பைவிட இந்தப் பெயரிடும் உரிமைதான் பழைய ஆயுதம்.

3

இருபதாம் நூற்றாண்டில் குளம்பின் இடத்துக்கு டயர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். நாசவேலைக்கென்று தயாரித்த முள்ளில் முனைகள் குழாய் போலத் துளையுள்ளவை. தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் டயரில்கூட, குத்தி நிற்கும் குழாய் வழியாகக் காற்று வெளியேறிவிடும். இன்று அமெரிக்கப் போலீஸ் கையாளும் ஆணிப்பட்டையும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஊசி டயரில் ஏறி அங்கேயே தங்கிவிடும். டயர் வெடிக்காது, சில நொடிகளில் படிப்படியாகக் காற்று இறங்கும். வண்டி கவிழாமல் தளர்ந்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

இவை பரவலானது 1990களில். அதற்குச் சற்று முந்தைய சூழலைப் பார்க்கணும். 1974இல் மெம்ஃபிஸ் நகரில் வேலி ஏறித் தப்ப முயன்ற, கையில் ஆயுதமில்லாத 15 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் பின்னந்தலையில் சுட்டுக் கொன்றார். தப்பியோடுபவனைப் பிடிக்க எதையும் செய்யலாம் என்று டென்னசி மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தது. 1985இல் 'டென்னசி எதிர் கார்னர்' தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. உயிருக்கு ஆபத்தானவன் என்று நம்பத் தகுந்த காரணம் இல்லாமல் ஓடுகிறவனைச் சுடக் கூடாது. நான்கு ஆண்டு கழித்து 'ப்ரோவர்' வழக்கு. சாலை வளைவுக்குப் பின்னால் 18 சக்கர லாரியைக் குறுக்கே நிறுத்தி, துரத்தப்பட்டவர் அதில் மோதிச் சாகும்படி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 'நாங்கள் அவரைத் தொடவே இல்லையே' என்று அரசு கைகழுவ முடியாது, சாலையில் வைத்த தடை அரசு போட்ட கைதான் என்றது நீதிமன்றம். அந்தக் கை நியாயமானதா என்று கேட்கலாம் என்றும் ஆயிற்று.

இந்தப் பின்னணியில் ஆணிப்பட்டையைக் கருணை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். முதுகில் பாயும் குண்டைவிட டயரில் இறங்கும் ஊசி மேல். இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டையில் ஒரு கயிறு இருக்கிறது. போலீஸ்காரர் சாலையோரம் நின்று பட்டையை இழுத்துப் போடுகிறார், வண்டி கடந்ததும் பின்னால் வரும் வாகனங்களுக்காக இழுத்துக்கொள்கிறார். அப்படி நின்ற போலீஸ்காரர்கள் வண்டி மோதிச் செத்திருக்கிறார்கள். 2012இல் டல்லஸ் காவல்துறை இதைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருந்தான், அவன் உயிரும் பணயத்தில் இருந்தது. யாரை, எப்போது, எதற்காக நிறுத்தினாய் என்று அவனைக் கேட்க முடிந்தது.

கருணை சட்டென்று தேய்ந்துபோவதற்கும் சான்று இருக்கு. 2010 மார்ச், டெக்சாஸ். கைது ஆணை இருந்த ஒருவர் மணிக்கு 85 முதல் 110 மைல் வேகத்தில் ஓடுகிறார். போலீஸைச் சுடுவேன் என்று போனில் மிரட்டவும் செய்கிறார். பாலத்துக்கு அடியில் ஆணிப்பட்டை தயார். பாலத்தின் மேல் நின்ற முல்லெனிக்ஸ் என்ற காவலர் வண்டியை நிறுத்துகிறேன் என்று ஆறு முறை சுட்டார். அதில் அவருக்குப் பயிற்சியே கிடையாது. ஆணிப்பட்டை வேலை செய்கிறதா பார் என்பது மேலதிகாரியின் பதில். ஓட்டியவர் குண்டில் செத்தார், வண்டி அதன் பிறகு பட்டையின் மேல் ஏறியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அவர்மீது வழக்கு நடத்த முடியாது என்று காப்பாற்றியது. நீதிபதி சோட்டோமயோர் மட்டும் மறுத்து எழுதினார். முள் கீழே காத்திருந்தும் துப்பாக்கி முந்திக்கொண்டது.

4

இதே முள்ளைத் தொழிலாளி போட்டால்? 1989இல் வர்ஜீனியா பிட்ஸ்டன் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் கம்பெனி வண்டிகள் போகும் சாலைகளில் வளைத்த ஆணிகள் கிடந்தன. 'ஜாக்ராக்' என்பார்கள். இதையும் இதர மீறல்களையும் சேர்த்து மாநில நீதிமன்றம் தொழிற்சங்கத்துக்குப் போட்ட அபராதம் 6 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதியான 5 கோடியே 20 லட்சம் டாலரை, ஜூரி விசாரணை இல்லாமல் விதித்தது செல்லாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் வேலைநிறுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆணி ஆளின் காலையும் கிழிக்கும், ஓட்டுநரையும் கொல்லும். ஆகவே அந்தத் தொழிலாளிகளைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. நான் சொல்லவருவது, அவர்களிடம் கணக்குக் கேட்க நீதிமன்றம் தயாராக இருந்தது என்பதைத்தான்.

5

இப்போது திக்ரிக்குத் திரும்பலாம். அமெரிக்க ஆணிப்பட்டை ஓடுகிறவனுக்கு வைத்தது. திக்ரியில் யாரும் ஓடவில்லை. வந்தவர்கள், தலைநகருக்குள் வந்து பேசணும் என்று கேட்டவர்கள். தப்பிச் செல்பவனுக்கான கருவி, வருகிறவனுக்கு எதிராகத் திரும்பியது. அந்த நொடியிலேயே வருகிறவன் 'குற்றவாளி' என்று பெயரிடப்பட்டும் விட்டான். தண்ணீர் லாரியின் டயரும் டிராக்டரின் டயரும் ஆணிக்கு ஒன்றுதான்.

ஜனவரி 26 அன்று தடுப்பு உடைந்தது நிஜந்தானே, போலீஸ்காரர்கள் காயப்பட்டது நிஜந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நிஜம்தான். அன்று கயிறு கட்டிய பட்டையோடு ஒரு காவலர் நின்று, பாய்ந்து வந்த டிராக்டரை நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அது ஒரு செயலுக்கு எதிரான செயல். சிமெண்டில் பதித்த ஆணி அப்படியல்ல. அதில் கயிறு இல்லை. இழுத்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னும் நடக்காத குற்றத்துக்கு, இன்னார் என்றில்லாமல் எல்லோருக்குமாகப் போட்ட தண்டனை அது. அதைப் பதித்த கையும் அங்கே இல்லை. ஃபூக்கோ சொன்ன மாதிரி அதிகாரம் உடலை விட்டுவிட்டு இடத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டது என்று கொஞ்சம் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்குப் படுவது இதற்கும் எளிமையானது: பதில் சொல்ல வேண்டிய ஆளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 4 அன்று காசிப்பூரில் ஆணிகளைப் பிடுங்கும் காட்சி வெளியானது. அகற்றவில்லை, இடம் மாற்றுகிறோம் என்றது போலீஸ். மறுநாள் ராகேஷ் டிகாயத் ஆணி பதித்த இடத்தருகே மண் கொட்டிப் பூச்செடி நட்டார். அந்த ஆண்டு நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் போயிற்று, ஆணி போகவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சாப் - ஹரியானா எல்லையான ஷம்புவில் அதே ஆணி, அதே கான்கிரீட், மேலே கண்ணீர்ப்புகை வீசும் டிரோன். முதல் தடவை அதிர்ச்சியாக இருந்தது இரண்டாம் தடவை வழக்கமாகிவிட்டது.

குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லைக்கு நெருஞ்சியின் கொடுமை முள்ளில் மட்டும் இல்லை. கண்ணுக்கு இனிய பூவாக இருந்தது முள்ளானதில்தான் இருக்கிறது. 'உயிர்ச்சேதம் இல்லாத முறை' என்று போலீஸ் கையில் எடுக்கும் ஒவ்வொரு புதுக் கருவியையும் நாம் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் சிக்கிக்கொள்ள வேண்டாம். இதில் கயிறு இருக்கிறதா, அதன் மறுமுனையை யார் பிடித்திருக்கிறார், அவர் பெயர் என்ன என்று கேட்போம்.