பெறு வரிசைகளில் பொதிப் பகிர்வுச் சோதனை

பொதிப் பகிர்வுச் சோதனை என்பது, ஒரு பிணைய அட்டை தனக்கு வந்து சேரும் பொதிகளைத் தன் பெறு வரிசைகளுக்கு உரியவாறு பிரித்து அளிக்கின்றதா என்று அறியும் சோதனை ஆகும். பொதுவாக ஒவ்வொரு வரிசையையும் செயலியின் ஒரு கோர் கவனித்துக் கொள்கின்றது. பகிர்வு தவறினால் ஒரு கோர் முழுச் சுமையில் திணற, மற்றவை வேலையின்றி இருக்கும். கணினியில் ஆற்றல் மிச்சமிருந்தும் பொதிகள் இழக்கப்படும்.

செயல்படும் முறை

இந்நுட்பம் ரிசீவ் சைடு ஸ்கேலிங் (ஆர்எஸ்எஸ்) என அழைக்கப்படுகின்றது. மைக்ரோசாஃப்ட் வரையறுத்த முறையில், பொதியின் மூல, சேரிட ஐபி முகவரிகளும், டிசிபி எனில் போர்ட் எண்களும், 40 பைட்டு நீளச் சாவியுடன் சேர்த்து டோப்ளிட்ஸ் ஹாஷ் சார்பில் இடப்படுகின்றன. கிடைப்பது ஒரு 32 பிட் எண். அதன் கடைசி பிட்கள் ஓர் அட்டவணையின் இடத்தைச் சுட்டும். 128 இடங்கள் கொண்ட அட்டவணைக்குக் கடைசி 7 பிட்கள். அவ்விடத்தில் எழுதப்பட்டிருப்பதே வரிசை எண். ஒரே இணைப்பின் பொதிகள் ஒரே வரிசைக்குச் செல்வதால் அவற்றின் ஒழுங்கு குலைவதில்லை.

ஹாஷ் சரிபார்ப்பு

மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் ஒரு மாதிரிச் சாவியும் அதற்குரிய விடைகளும் தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, 66.9.149.187 முகவரியின் 2794 போர்ட்டிலிருந்து 161.142.100.80 முகவரியின் 1766 போர்ட்டுக்குச் செல்லும் டிசிபி பொதியின் ஹாஷ் 1372373368 ஆகும். இதன் கடைசி 7 பிட்கள் 120 என்ற இடத்தைத் தரும். அட்டவணை 0 முதல் 7 வரை மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டிருந்தால் (லினக்ஸில் இதுவே இயல்பான அமைப்பு) பொதி 0 ஆம் வரிசைக்குச் செல்ல வேண்டும். போர்ட் எண்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் இடம் 66, வரிசை 2. ஆகவே இந்த ஒரு பொதியே அட்டை போர்ட் எண்களைக் கணக்கில் கொள்கின்றதா என்பதைக் காட்டிவிடும்.

சமச்சீரின்மை

ஒரே இணைப்பைக் கொண்டு சோதித்து, ஒரு வரிசையே நிரம்புகின்றது என்று குறை கூறுவது பிழையாகும். 8 வரிசைகளுக்கு 8 இணைப்புகளை அனுப்பினாலும் நிலைமை பெரிதும் மாறாது. ஹாஷ் நன்கு கலந்திருந்தால், 8 இணைப்புகளும் தனித்தனி வரிசைகளில் விழும் வாய்ப்பு 0.24 விழுக்காடு மட்டுமே, சராசரியாக 2.75 வரிசைகள் வெறுமையாக இருக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளை அனுப்பி, ஈத்டூல் கருவி காட்டும் வரிசைவாரி எண்ணிக்கைகளை ஒப்பிடுவதே பயனுள்ளது.

யுடிபி

பல அட்டைகள் யுடிபி பொதிகளுக்கு இயல்பாக முகவரிகளை மட்டுமே ஹாஷ் செய்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. துண்டாக்கப்பட்ட பொதியின் முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும். போர்ட்டைச் சேர்த்தால் ஏனைய துண்டுகள் வேறு வரிசைக்குச் சென்றுவிடக்கூடும். இதனால் இரு கணினிகளுக்கிடையே ஆயிரம் போர்ட்களைப் பயன்படுத்தினாலும் ஒரே வரிசையே நிரம்பும். அட்டையும் அதன் இயக்கியும் இடமளித்தால், ஈத்டூல் வழியாக இவ்வமைப்பை மாற்றலாம். விஎக்ஸ்லான் சுரங்கங்களில் இது முக்கியமானது: 2014 ஆம் ஆண்டின் அதன் வரையறை, உள்பொதியின் ஹாஷை வெளி யுடிபி மூல போர்ட்டில் இடுமாறு பரிந்துரைக்கின்றது. பெறும் அட்டை போர்ட்டைப் பார்க்காவிடில் அந்த ஏற்பாட்டால் பயனில்லை.