முத்துக்குளிப்பும் வர்க்கமூலமும்

நிறைவர்க்க எண்களின் வர்க்கமூலத்தைக் கொப்பி நிறையச் செய்து பழகிய எம்மிற் பலர், "இது எதற்கு உதவும்?" என்று அந்நாளில் கேட்டிருப்போம். எமது மன்னார்க் கரையின் வரலாறு அதற்கு நல்ல விடை தருகிறது.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்புக் காலத்தில் பெருஞ்சந்தை கூடியது. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அரித்துப் பருமன்படி பிரிப்பர். பின்னர் வடிவும் ஒளியும் பார்த்துத் தரம் வகுத்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பர். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு.

உயர்ந்த முத்துகளுக்கு நிறையைக் கொண்டு நேரடியாக விலை பேசுவதில்லை. மஞ்சாடி நிறையை வர்க்கித்து, அதில் முக்காற்பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பர். வருவது 'செவ்வு'. விலை செவ்வுக்கே. ஒரு மஞ்சாடி நிறையுள்ள பத்து முத்துகள் சேர்ந்து ஏழரைச் செவ்வு. பத்து மஞ்சாடியுள்ள தனி முத்தோ எழுபத்தைந்து செவ்வு. பெரிய முத்து அரிது என்பதை இக்கணக்கு இவ்வாறு மதித்தது.

செவ்விலிருந்து நிறையை அறிய வர்க்கமூலம் வேண்டும். 48 செவ்வுள்ள தனி முத்தை எடுத்துக்கொள்வோம். 48ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே நிறை 8 மஞ்சாடி.

உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய சுழியோடிகளுக்குச் சிப்பியில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. அதிலே இரட்டிப்பு நிறையுள்ள முத்து அகப்பட்டால், வர்க்கம் அறியாதவர் இரட்டிப்பு விலையே கேட்பார். செவ்வோ நான்கு மடங்கு. கணக்கு தெரியாதவருக்குக் கடலில் வென்றதைக் கரையில் இழக்க நேரும்.

1925க்குப் பின் அந்தப் பெருஞ்சந்தைகள் ஓய்ந்தன. கணக்கு ஓயவில்லை. புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் அளவை உடற்பரப்பைக் கொண்டே தீர்மானிக்கிறோம். 1987இல் மொஸ்ரெல்லர் வெளியிட்ட சூத்திரப்படி, உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையைக் கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 125 சென்ரிமீற்றர் உயரமும் 20 கிலோகிராம் நிறையுமுள்ள பிள்ளைக்கு 2500ஐ 3600ஆல் வகுக்கிறோம். இரண்டுமே நிறைவர்க்கங்கள்: 50இன் கீழ் 60, ஏறத்தாழ 0.83 சதுர மீற்றர். இன்று கணினி இதை நொடியில் சொல்லும். ஆயினும், தவறான இலக்கத்தைத் தட்டிவிட்டால் "இது பொருந்தாதே" என்று நிறுத்துவது மனக்கணக்குத்தான்.

ஆகவே, இன்று எமது வகுப்பறைகளில் இருக்கும் தங்கைமாரே, அந்தப் பயிற்சிகளைச் சலிக்காமல் செய்யுங்கள். எமது கரையின் முத்தை நிறுத்த கணக்கு அது; நாளை உங்கள் கையில் ஓர் உயிரையும் நிறுக்கும்.