இடக்கரடக்கலும் ஒரு நடைப்பயணமும்

தைப்பூசத்தை ஒட்டி வடலூருக்குச் செல்லும் எந்தச் சாலையில் நின்று பார்த்தாலும் நடப்பவர்களைக் காணலாம். வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதானக் கொட்டகைகளும் இருக்கும். நடப்பவர் பெறுபவர், சாலையோரத்தில் நிற்பவர் கொடுப்பவர். நம் பாதயாத்திரை மரபின் அமைப்பு பெரும்பாலும் இதுதான். நடப்பவரின் வேண்டுதல் அவருடையது, அல்லது அவர் குடும்பத்தினுடையது.

இருபதாம் நூற்றாண்டில் உருவான அறக்கொடை நடை இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது. அதில் நடப்பவரே கையேந்துகிறார். சேரும் பணமோ அவர் முகமறியாத மூன்றாமவருக்குப் போகிறது. இவ்வகை நடைகளில் முதலாவதாகப் பலரும் குறிப்பிடுவது 1953 அக்டோபரில் போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்ததை. ‘டிப்ளோ’ என்ற பெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரமோன் ரிவேரோ, சான் ஹுவான் நகரிலிருந்து போன்சே வரை சுமார் 80 மைல் நடந்து, புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்திற்கு நிதி திரட்டினார். சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர், பலரும் பெயர் சொல்லவே அஞ்சிய நோய்க்காகத் தெருவில் இறங்கினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே ஆண்டுகளில் சென்னையில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பொதுமக்களிடம் நிதி திரட்டி அடையாறு புற்றுநோய் நிலையத்தை உருவாக்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. டிப்ளோ நடந்தது இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வடலூருக்கு வருகிறேன். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. முகமறியாதவரின் உடலுக்காக ஊர் கூடிக் கொடுப்பது என்னும் கருத்தை நாம் வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையிருக்கவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. சீவகாருணிய ஒழுக்கத்தில் வள்ளலார் உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக எண்ணுகிறார். அவற்றுள் பசிக்கும் கொலைக்கும் முதன்மை தருகிறார். அவரைப் பின்பற்றிய நாம் பசியைப் பற்றிக்கொண்டோம்; பிணி பின்னுக்குப் போயிற்று. பசியைச் சொல்ல வெட்கமில்லை, ஒட்டிய வயிறே சொல்லிவிடும். பிணியை, அதிலும் சில உறுப்புகளின் பிணியை, நோயாளி வாய்திறந்து சொன்னாலன்றி யாரும் அறிய முடியாது.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அத்தகையது. நன்னூல் கற்பிக்கும்போது தகுதி வழக்கு மூன்றையும் மாணவர்க்குச் சொல்வோம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘கால் கழுவி வந்தான்’ என்பது முதலாவதற்கு வாடிக்கையான எடுத்துக்காட்டு. ‘ஒன்றுக்குப் போய்வருகிறேன்’ என்பதும் அவ்வகையே. ‘செத்தார்’ என்னாது ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். புற்றுநோயை ‘அந்த வியாதி’ என்று தணிந்த குரலில் சொல்வதையும் இதனோடு சேர்க்கலாம். மருத்துவரின் சீட்டில் இருப்பதோ குழூஉக்குறி. மூன்று வழக்குகளும் ஒரே நோயாளியைச் சூழ்ந்துகொள்வதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. நாகரிகம் கருதி ஏற்பட்ட வழக்குகள்தாம், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இந்நோயின் முதல் அறிகுறி, பெரும்பாலும், வலியே இல்லாமல் சிறுநீரில் தென்படும் இரத்தம். ஓரிரு நாளில் அது தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பெண்களுக்கு அதைச் சிறுநீர்த்தொற்று என்றே எண்ணி மருந்து கொடுத்துக் காலம் கடத்துவதும் நேர்கிறது. 2022இல் உலகெங்கும் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர், ஆண்களே மிகுதி. முதற்காரணம் புகைப்பழக்கம். சாயத் தொழிலாளரிடையே இந்நோய் காணப்படுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுத்விக் ரேன் 1895இலேயே எடுத்துக்காட்டிவிட்டார்.

சிகிச்சையின் வரலாற்றில் நம்மவர்க்குச் சுவையான ஓர் இழை உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி மருந்தைத் தயாரிக்க 1948இல் கிண்டியில் ஆய்வகம் அமைந்தது. 1955இல் இராஜாஜி அந்தத் தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். நாடே விவாதித்த அந்த மருந்தைக் கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் குழாய்வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். ஒன்பது நோயாளிகளில் தொடங்கிய அம்முறை, தசைக்குள் பரவாத, ஆனால் மீண்டும் வரக்கூடிய கட்டிகளுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை. வாரம் ஒருமுறையாக ஆறு வாரம். பின்னும் ஆண்டுக்கணக்கில் உள்நோக்கிப் பரிசோதனை. கூலி வேலை செய்பவர் ஒவ்வொரு முறையும் ஒருநாள் ஊதியத்தை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, வடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாற்றுக்கோ போய்வர வேண்டும். சிகிச்சை இலவசமென்றாலும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அவர் கைப்பணம்.

அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே ஓர் அமைப்பு உருவானது 2005இல்தான். நோயுற்ற ஜான் குவேலும் அவர் மனைவி டயேனும் அதைத் தொடங்கினர். விழிப்புணர்வு மாதமான மே மாதத்தையொட்டி அங்கே பல நகரங்களில் நடக்கிறார்கள். சிறுநீர்ப்பை அகற்றப்பட்டு, வயிற்றில் பை அணிந்தவர்களும் அவர்களில் உண்டு. நம் நகரங்களிலும் மார்பகப் புற்றுநோய்க்கான நடைகள் வந்துவிட்டன. ஒரே நிறச் சட்டை, தொப்பி, புகைப்படம், காலைச் சிற்றுண்டி என்று அவை முடிந்துபோவதாக நண்பர்கள் கேலி செய்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நடைக்கு ஒரு பதாகை வேண்டும். பதாகையில் நோயின் பெயரை எழுதியாக வேண்டும். ‘அந்த வியாதிக்கான நடை’ என்று யாரும் எழுத முடியாது.

கடலூரிலிருந்து வடலூர் வரை அப்படியொரு நடை புறப்படுமானால், நீர்மோர்ப் பந்தல் போட ஆளுக்குக் குறைவிராது. அந்தப் பந்தலில் மோரோடு சேர்த்து, ‘சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் செல்க’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்றும் கொடுக்கலாம்.