அம்மை சுமந்த பிள்ளைகள்

பெரியம்மை பூமியை விட்டே ஒழிந்தது என்று 1980-ம் வருஷம் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அந்த வெற்றியைப் பேசுகிறவர்கள் ஜென்னர் பெயரைச் சொல்லுகிறார்கள். நியாயந்தான். எனக்கு என்னவோ 22 அநாதைச் சிறுவர்களின் ஞாபகந்தான் வருகிறது.

பெரியம்மை வைரஸ் பெரும்பாலும் மூச்சு வழியாகவே உடம்புக்குள் நுழையும். பத்துப் பன்னிரண்டு நாள் அரவமே இராது. பிறகு காய்ச்சல், அதன் பின் முத்து. கண்டவர்களில் பத்துக்கு மூவர் மாண்டார்கள். பசுவுக்கு வரும் அம்மையை மனிதர் கையில் கீறி வைத்தால் பெரியம்மை அண்டாது என்று 1796-ல் ஜென்னர் கண்டார். அந்த அம்மைப்பாலைக் கடல் கடந்து அனுப்புவது எப்படி? நூலில் தோய்த்தும் கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே உலர்த்தியும் அனுப்பிப் பார்த்தார்கள். நீண்ட பிரயாணத்திலும் வெப்பத்திலும் பெரும்பாலும் அது செத்துப்போயிற்று.

ஸ்பெயின் தேசத்து வைத்தியர் பால்மிஸ் ஒரு யுக்தி செய்தார். 1803 நவம்பர் 30-ம் தேதி லா கொருன்யா துறைமுகத்திலிருந்து 'மரியா பிட்டா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் அம்மை கண்டறியாத 22 சிறுவர்கள். இரண்டு பேருக்குக் குத்துவது. ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்கு. ஒருவன் கொப்புளம் கெட்டாலும் மற்றவனுடையது இருக்குமல்லவா? குழந்தைகளோ சொறிவார்கள், ஒருவன்மேல் ஒருவன் புரண்டு தூங்குவார்கள். முறை தப்பி ஒட்டிக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும்! அவர்களுக்குக் காவலாக வந்தவள், அநாதை விடுதியை நடத்திய இஸபெல். அவளுடைய மகனும் அந்த 22 பேரில் ஒருவன்.

பிள்ளைகளுக்குச் சட்டை, ஜோடு, தொப்பி, சீப்பு எல்லாம் கொடுத்தார்கள். சம்மதம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

வெனிசூலாக் கரையை அடைந்தபோது பழுத்த கொப்புளம் ஒரே ஒரு பையன் கையில்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கையிலிருந்து ஒரு தேசமே பாதுகாப்புப் பெற்றது. ஹவானாவிலோ, சுமப்பதற்குப் பிள்ளைகள் கிடைக்காமல், மூன்று அடிமைப் பெண்களைப் பால்மிஸ் விலைக்கு வாங்கினார். அவரைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1805-ல் மெக்ஸிகோவிலிருந்து வேறு 26 சிறுவர்களை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குப் போனார். அப்போதும் இஸபெல் கூடப் போனாள். இரவு பகலாகத் தாய்போல் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று பால்மிஸே எழுதியிருக்கிறார். அந்த எஜமானர்களின் காகிதங்களில் அவள் பெயர் இடத்துக்கு ஒரு விதமாக இருக்கிறது: ஸெண்டால், ஸெண்டாலா, ஸெண்டாலெஸ்.

ஸ்பெயினிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் பிழைப்புக்கு வழியும் தருவதாக அரசாங்கம் வாக்களித்திருந்தது. மெக்ஸிகோ நகரத்தில் அவர்களை ஏழைகள் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.