ஈர மணலும் ஒரு புரொபசரும்

கடற்கரைக்குப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். அலை வந்து திரும்பிய ஈர மணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து, காய்ந்தாற்போல் ஆகிவிடும். அழுத்தினால் தண்ணீர் மேலே வரவேண்டாமோ? எங்கே போச்சு?

1885-ல் இதற்குப் பதில் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். மான்செஸ்டரில் இன்ஜினீயரிங் புரொபசர். ஒரு ரப்பர் பையில் மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, வாயில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். பையை அமுக்கினார். குழாயில் தண்ணீர் ஏறவில்லை. இறங்கியது!

நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் துகள்கள் நகரவேண்டுமென்றால், ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால் நடுவே இடைவெளி பெருகும். மேலே இருக்கும் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கத் தண்ணீரே இல்லாவிட்டால்? துகள்கள் அசைய முடியாது. பை கல்லாக இறுகிவிடும். இந்தக் குணத்துக்கு 'டைலேட்டன்சி' என்று பெயர் வைத்தார்.

இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாரை ஒரு பங்கு தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். மெதுவாக விரலை விட்டால் கூழ். ஓங்கிக் குத்தினால் கல். அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதைதான். அவசரப்படுத்தினால் துகள்கள் உரசி, சிக்கி நின்றுவிடும்.

ரெனால்ட்ஸ் இதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு ஆசை விடவில்லை. பிரபஞ்சம் முழுக்க ஈதர் என்றொரு பொருள் நிரம்பியிருப்பதாக விஞ்ஞானிகள் நம்பிய காலம் அது. ஈதரும் மணல் மாதிரி துகள்கள்தான், புவியீர்ப்புக்கே அதுதான் காரணம் என்று கிளம்பிவிட்டார். வருஷக்கணக்கில் கணக்குப் போட்டு, 1903-ல் புத்தகமே வெளியிட்டார். அடுத்த இரண்டே வருடம். ஈதரே தேவையில்லை என்று சொல்லிவிட்டார் ஐன்ஸ்டைன். அதே 1905-ல், உடம்பு முடியாமல் ரெனால்ட்ஸ் ஓய்வு பெற்றார். 1912-ல் காலமானார்.

ஆனால், மணல் அவரைக் கைவிடவில்லை. 2003-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடமும் டெலவேர் பல்கலைக்கழகமும், நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்த திரவத்தில் கெவ்லார் துணியை ஊறவைத்துச் சோதித்தன. சும்மா இருக்கும்போது துணியாக மடங்குகிறது. குண்டு மோதும் கணத்தில் திரவம் இறுகி, இழைகளை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

பிரபஞ்சத்துக்கு அவர் கொடுத்த விளக்கம் போயே போச்சு. காலடி மணலுக்குக் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் நிற்கிறது. அடுத்தமுறை கடற்கரையில் பாதத்தைச் சுற்றி மணல் வெளுத்தால், அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.