நகராத சைக்கிளும் நாலாயிரம் கிலோமீட்டரும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் சைக்கிளைப் பற்றியது. ஆனா இந்த சைக்கிள் ஓர் அங்குலம் கூட நகராது. வீட்டுக் கூடத்திலோ கார் ஷெட்டிலோ நிற்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் மட்டும் மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருப்பார். இப்படி மிதிப்பதற்கும், நாள்கணக்கில் ஓடும் நெடுந்தூரப் பந்தயங்களுக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் பார்க்கப் போறோம்.

எங்கேயும் போகாத சைக்கிள் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லைங்க. ஊர்த் திடலில் ஒரு கம்பம் நட்டு, ட்யூப் லைட் கட்டி, ஒருத்தர் கீழே கால் வைக்காம நாள்கணக்கில் சுத்திச் சுத்தி வருவார். குளியல், சாப்பாடு எல்லாம் சைக்கிள் மேலேயேதான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அவர் எந்த ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை. ஆனா அதை யாரும் வீண் வேலைன்னு சொன்னதில்லை. சுற்றி நிற்கும் கூட்டமும், மைக்கில் பேசுறவரும், தண்ணி கொடுக்கிற பையனும் சேர்ந்துதான் அந்த ஏழு நாளை ஓட்டுவாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

முதலில் நெடுந்தூரப் பந்தயம். 1982-ல் அமெரிக்காவில் நாலே நாலு பேர் மேற்குக் கரையில் சாண்டா மோனிகாவில் கிளம்பினார்கள்: லான் ஹால்ட்மன், ஜான் ஹோவர்ட், மைக்கேல் ஷெர்மர், ஜான் மரினோ. முடிவுக் கோடு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். 9 நாள் 20 மணி நேரத்தில் ஹால்ட்மன் முதலில் வந்தார். இதுதான் பிறகு 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' ஆனது. சுருக்கமா 'ராம்'னு சொல்வாங்க. தூரம் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர்.

டூர் டி ஃப்ரான்ஸில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் முடிந்ததும் ஹோட்டலில் போய்த் தூங்கலாம். ராம் பந்தயத்தில் கடிகாரம் நிற்கவே நிற்காது. நீங்க தூங்குற நேரமும் கணக்கில் சேரும். அதனால் தனியாக ஓட்டுபவருக்கும் பின்னால் ஒரு குழு வேணும். வழி சொல்ல ஒருத்தர், சமைக்க ஒருத்தர், ராத்திரி வேன் ஓட்ட ஒருத்தர், "இப்ப தூங்கு, இப்ப எழுந்திரு"ன்னு அதட்ட ஒருத்தர். 2015-ல் நாசிக்கைச் சேர்ந்த டாக்டர் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் இரண்டு பேர் அணியாக இதை முடித்தார்கள். 2017-ல் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், தனியாக முடித்த முதல் இந்தியர் ஆனார்.

இப்போ வீட்டு சைக்கிளுக்கு வருவோம். இதன் வேர் பந்தயத்தில் இல்லை, நோயாளி அறையில் இருக்கிறது. 1796-ல் லண்டனில் ஃபிரான்சிஸ் லௌண்டஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்ற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காலுக்கு மிதி, கைக்குச் சுழலும் பிடி. வெளியே நடமாட முடியாதவர்கள் உடம்பை அசைப்பதற்கான கருவி. சைக்கிளே அப்போ பிறக்கவில்லை! அடுத்த நூற்றாண்டின் கடைசியில் உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் வீட்டுப் பயிற்சி வந்தது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் ஜிம்மில் கூட நிற்கும் சைக்கிள்கள் இருந்தன.

ரொம்ப காலம் இது மழைக்கும் பனிக்கும் பயந்தவர்களின் மாற்று வழியாகத்தான் இருந்தது. நிஜ ஓட்டக்காரர்கள் இதை மதிக்கவில்லை. காரணம், சலிப்பு. எதிரே சுவர், காற்று இல்லை. சாலையில் இறக்கம் வந்தால் கால் ஓயும், இங்கே மிதிப்பதை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். இன்னொரு கஷ்டம் சூடு. மிதிக்கும்போது நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்கு அளவுதான் பெடலுக்குப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். வீட்டுக்குள் ஃபேன் இல்லைன்னா அரை மணி நேரத்தில் தரையில் வியர்வைக் குட்டை.

இந்த அலட்சியத்தை உடைத்த கதை 2016-ல் நடந்தது. மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியர். வயசு 37. சைக்கிள் உலகில் 'டொமெஸ்டிக்' என்று ஒரு வேலை உண்டு. வேலைக்காரர்னு அர்த்தம். அணியின் நட்சத்திரத்துக்கு முன்னால் போய்க் காற்றைத் தடுப்பார், பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார், தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார். ஜெயிப்பது அவர் வேலை இல்லை. ஹேமன் வாழ்நாளில் பெரும்பகுதி செய்தது அதுதான்.

பிப்ரவரி கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் பாரிஸ்-ரூபே. கருங்கல் பாவிய பழைய பாதைகளில் 257 கிலோமீட்டர். கை முறிந்தவர் அங்கே போகலாமா? எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைத்தார்கள். அவர் கார் ஷெட்டில் சைக்கிளை நிறுத்தி, 'ஸ்விஃப்ட்' என்ற மென்பொருளைத் திரையில் போட்டு, நாள் தவறாமல் மிதித்தார். கை கட்டில் இருந்தது, கால் வேலை செய்தது. ஏப்ரல் 10 அன்று, தன் பதினைந்தாவது பாரிஸ்-ரூபேயில், நாலு முறை சாம்பியனான டாம் போனனை ரூபே மைதானத்துக் கடைசி ஓட்டத்தில் தோற்கடித்தார். பிறருக்காகவே ஓட்டி வந்த மனிதர், யாருமே பார்க்காத ஒரு ஷெட்டில் தயாராகி ஜெயித்தார்.

அதன் பிறகு வீட்டு சைக்கிள் கிண்டலுக்குரிய பொருளாக இல்லை. 2020 வந்தபோது அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஊரடங்கில் பந்தயங்கள் எல்லாம் நின்றன. ஏப்ரலில், 2018-ன் டூர் டி ஃப்ரான்ஸ் சாம்பியன் ஜெரைன்ட் தாமஸ், வேல்ஸில் தன் வீட்டு ஷெட்டில் மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம் மிதித்தார். ஏன் 12? மருத்துவமனை ஊழியர்களின் ஒரு ஷிஃப்ட் அவ்வளவு. உலகெங்கும் ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்து திரையில் அவரோடு சேர்ந்து ஓட்டினார்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்காக 3 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது.

ஜூனில் ராம் பந்தயமும் ரத்து. பதிலுக்கு வீட்டுக்குள்ளேயே 12 நாள் ஓட்டும் 'விர்ச்சுவல் ராம்' நடந்தது. ஏற்றம் வந்தால் பின்சக்கரத்தில் இருக்கும் கருவி தானே இறுகும். இந்திய ராணுவ அதிகாரி பரத் பன்னு பெங்களூரில் ஓர் அறைக்குள் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்தார். யோசிச்சுப் பாருங்க. ஜன்னல் அதே ஜன்னல், ஃபேன் அதே ஃபேன். பன்னிரண்டு நாள்!

இதெல்லாம் நிஜப் பந்தயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. திரையில் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் எடையும் கால் சக்தியும்தான். எடையைக் குறைத்துப் பதிவு செய்தால் மலையில் பறக்கலாம். 2019-ல் பிரிட்டனின் முதல் இ-ரேசிங் சாம்பியனின் பட்டமே பறிக்கப்பட்டது. விளையாட்டுக்குள் ஒரு நல்ல சைக்கிளைச் சம்பாதிக்க அவர் கணினி நிரலை மிதிக்க விட்டிருந்தார். இன்னொரு பக்கம், ஜே வைன் என்ற ஆஸ்திரேலியர் ஸ்விஃப்ட் நடத்திய தேர்வு வழியாகத்தான் தொழில்முறை அணிக்குள் வந்தார். 2022-ல் ஸ்பெயினின் வுவெல்டாவில், நிஜ மலைகளில், இரண்டு கட்டங்களை ஜெயித்தார். திரை ஏமாற்றவும் இடம் கொடுக்கும், ஆளை அடையாளம் காட்டவும் செய்யும்.

எனக்குத் தோணுறது இதுதான். பந்தய வரலாறு எழுதும்போது நாம் முடிவுக் கோட்டைத்தான் எழுதுகிறோம். ஹால்ட்மன் பேர் இருக்கும், வேன் ஓட்டினவர் பேர் இருக்காது. வீட்டில் தினமும் மிதித்து ஓர் அணிக்காகப் பணம் திரட்டுகிறவரும், திரையில் கூட ஓட்டுகிறவரும் அந்த வேன் ஆளின் வகையறாதான். சாலையில் இருப்பவர் படும் சலிப்பில் ஒரு மணி நேரத்தை இவர் தன் பங்காக எடுத்துக்கொள்கிறார். ஊர்த் திடலில் ராத்திரி ரெண்டு மணிக்கும் கலையாமல் நின்ற நாலு பேரை நினைச்சுப் பாருங்க. அவங்க மிதிக்கவில்லை. ஆனா அவங்க போயிருந்தா, அவர் இறங்கியிருப்பார்.

இந்த எபிசோட் இத்தோடு முடிகிறது. உங்க ஊர்த் திடலில் சைக்கிள் சுற்றியவரைப் பற்றி நினைவு இருந்தால் எழுதி அனுப்புங்க. அவங்க வரலாற்றையும் யாராவது எழுதணும் இல்லையா? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.