புகார் கொடுத்தவருக்கே காவலா?

1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 171-வது பிரிவு. புகார் கொடுத்தவரோ சாட்சியோ, கோர்ட்டுக்கு வர்றதா பிணைப்பத்திரம் எழுதித் தர மறுத்தா, போலீஸ் அவரைக் காவலில் மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பலாம். விசாரணை முடியும்வரைகூட மாஜிஸ்திரேட் அடைச்சு வைக்கலாம். 1973 சட்டத்துலயும் அதே 171. இப்போ பிஎன்எஸ்எஸ் 191. எண் மாறிச்சு, அதிகாரம் மாறல.

இதைப் படிச்சப்போ எனக்கு விழுப்புரம் பக்கத்து அத்தியூர் ஞாபகம் வந்துச்சு. 1993-ல புதுச்சேரி போலீஸார் மேல ஒரு இருளர் பெண் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தாங்க. திண்டிவனம் பேராசிரியர் கல்யாணி துணை நின்னார். 2006-ல விழுப்புரம் கோர்ட் ஆறு பேருக்குத் தண்டனை கொடுத்துச்சு. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவிச்சிருச்சு.

தீர்ப்புக்காக 13 வருஷம் காத்திருந்தது அந்தப் பெண். குற்றம்சாட்டப்பட்டது போலீஸ். ஆனா சட்டம், வராம போயிடுவாரோன்னு சந்தேகப்படுறது புகார் கொடுத்தவரை. பிடிச்சு அனுப்பற அதிகாரம் கொடுத்திருக்கிறது போலீஸுக்கு.